சேர்த்துக் கேட்ட புத்தகங்கள்

மேலூர்க் கிட்டங்கியில் நாற்பது லட்சம் புத்தகங்கள் பத்திரமாக இருந்தன. எது எங்கே இருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

ஒரு மாதத்துக்கு முன்புவரை நண்டுக்குத் தெரிந்திருந்தது. கைவிடப்பட்ட கிரானைட் குவாரி ஒன்றைக் குடைந்து எட்டு அடுக்கு ஆழத்துக்கு இரும்புச் சட்டங்கள் அமைத்து, மாநிலத்தின் புத்தகங்களையெல்லாம் தட்டுத் தட்டாக அதில் இறக்கிவிட்டிருந்தார்கள். உள்ளே மனிதர் நடக்க வழி கிடையாது. தண்டவாளத்தில் பக்கவாட்டில் ஓடுகிற நீண்ட கைகள் கொண்ட ஓர் இயந்திரம் மட்டும் போய்த் தட்டைக் கவ்விக்கொண்டு வரும். அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் ஒரு முழ நீளம். ஊழியர்கள் நண்டு என்றார்கள்.

அப்புறம் ஆவணி மாதத்தில் சூரியனிலிருந்து அந்தப் புயல் வந்தது. அழகர்மலைக்கு மேலே வானம் பச்சையும் சிவப்புமாகத் திரைச்சீலை போட்ட மாதிரி ஆடியது. ஜனங்கள் மொட்டை மாடியில் நின்று போட்டோ எடுத்தார்கள். எடுத்த போட்டோ எதுவும் மறுநாள் இல்லை. போனிலிருந்தும் வங்கியிலிருந்தும் மருத்துவ இயந்திரங்களிலிருந்தும் நினைவு என்று பெயர் சொல்லும்படியாக இருந்த எல்லாம் துடைத்துக்கொண்டு போயிருந்தது. மின்சாரம் பத்து நாளில் வந்துவிட்டது. நண்டும் எழுந்து நின்றது. ஆனால் எந்தத் தட்டில் என்ன வைத்தோம் என்பது அதற்கு மறந்துபோயிருந்தது. பட்டியலின் நகல்களும் போயிருந்தன. நகலைக் காகிதத்தில் வைத்துக்கொள்ளும் புத்தி யாருக்கும் இருக்கவில்லை.

பூங்கோதை அந்த நூலகத்தின் வகைப்பாட்டுப் பிரிவுத் தலைவி. வருகிற ஒவ்வொரு நூலையும் புரட்டிப் பார்த்து, அது எதைப் பற்றியது என்று தீர்மானித்து, அதன் முதுகில் ஒட்ட ஓர் எண் கொடுப்பது அவள் வேலை. எண்ணைப் பார்த்தால் பொருள் தெரியும், பொருளுக்குள் உட்பொருள் தெரியும். ஒரு புத்தகத்துக்கு ஒரே எண், ஒரே இடம் என்பது அவள் படித்த படிப்பு. கோயில் பஞ்சாமிர்தம் தயாரிப்பது பற்றிய நூலை வழிபாட்டில் சேர்ப்பதா உணவில் சேர்ப்பதா என்று அரை நாள் யோசித்து, சாப்பிட மறந்தவள். நண்டு வந்த பிறகு அந்த எண்கள் கல்யாணப் பத்திரிகையின் பிள்ளையார் சுழி மாதிரி ஆகிவிட்டன. இருக்க வேண்டும், யாரும் படிப்பதில்லை. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் எண் போட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

இப்போது அவளுக்கு ஒரே ஒரு புத்தகம் வேண்டும். நீல அட்டை போட்ட, தலையணை கனத்தில் ஒரு பழுதுபார்ப்புக் கையேடு.

மேலூர் டயாலிசிஸ் மையத்தின் இயந்திரங்கள் பழைய ரகம். தயாரித்த கம்பெனி எப்போதோ கடையை மூடிவிட்டது. அழுத்தம், வேகம் என்று அவற்றில் பதிந்திருந்த அளவுகளைப் புயல் அழித்துவிட்டது. அவற்றை மறுபடி ஊட்டினால் ஓடும். அளவுகள் கையேட்டில் இருந்தன. மின்பிரதிகள் எல்லாம் புயலோடு போக, அச்சுப் பிரதி ஒன்று கிட்டங்கியில் இருந்தது நிச்சயம், ஏனென்றால் அதற்கு எண் போட்டவளே பூங்கோதைதான். எண்கூட அவளுக்கு மனப்பாடம். இடத்துக்குத்தான் எங்கே போவது?

மையத்தை நம்பியிருந்தவர்களை வேனில் ஏற்றி மதுரைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கேயும் பாதி இயந்திரங்கள் படுத்திருந்ததால் வாரத்துக்கு ஒரு முறை, அதுவும் அரை நேரம். மிக்சர் கடை வைத்திருந்த ஒருவர் போன வாரம் வேனிலேயே இறந்துபோனார். அவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தவர் பூங்கோதையின் கணவர் சௌந்தரபாண்டி. அவருக்கும் செருப்புக்குள் கால் நுழையாத அளவு வீக்கம். பூங்கோதைக்குப் பயத்தில் சோறு இறங்கவில்லை.

"நண்டு எதை வச்சுத்தான் அடுக்குச்சு கமாலு?" என்று கேட்டாள். கமாலுதீன் நண்டை இயக்குகிறவன். இப்போது அது சொந்தமாக யோசிக்காததால், கண்ணாடி அறையில் உட்கார்ந்து கைப்பிடியால் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"நம்ம நம்பரை வச்சு இல்லக்கா. அதுக்குப் படிக்கத் தெரியாது. கேக்குற ஆளை வச்சு."

"புரியலையே."

"ஒருத்தர் அஞ்சு புத்தகம் கேக்குறார்னு வைங்க. திரும்பி வந்ததும் அஞ்சையும் ஒரே தட்டுல போட்டுரும். அதே மாதிரி இன்னொரு ஆள் வந்தா ஒரே நடையில குடுத்துரலாம்ல. அதுக்கு நடை மிச்சம், நமக்குக் கரண்ட் மிச்சம்."

"ரெண்டு பேரு ஒரே புத்தகத்தக் கேட்டா?"

"அவங்க ரெண்டு பேரோட மத்த புத்தகமும் மெல்ல மெல்லப் பக்கத்துல வந்து சேந்துரும். சம்பந்தி வீட்டுக்காரங்க மாதிரி. யாருமே கேக்காத புத்தகம் மட்டும் கீழ் அடுக்குல, அளவு வாரியாக் கிடக்கும்."

கீழ் அடுக்கைத்தான் முதலில் பார்த்தார்கள். கையேடு அளவுள்ள தட்டுகளையெல்லாம் மேலே வரவழைத்துத் தேடினார்கள். இல்லை. அப்படியானால் யாரோ ஒருவர் அதைக் கேட்டு வாங்கியிருக்கிறார். அவர் கூடவே வேறென்ன கேட்டாரோ அதற்குப் பக்கத்தில் அது இருக்கிறது.

யார் கேட்டது என்று பார்க்கலாம் என்றால், அதற்கு வழியில்லாமல் செய்தவளும் பூங்கோதைதான். புத்தகம் திரும்பி வந்த மறுநிமிடம் கேட்டவர் பெயரை அழித்துவிட வேண்டும் என்று சண்டை போட்டு விதி கொண்டுவந்தவள் அவள். ஒருவர் எதைப் படிக்கிறார் என்பது அவர் படுக்கையறை மாதிரி, அங்கே எட்டிப் பார்க்க நூலகத்துக்கு உரிமையில்லை என்று மேலதிகாரிகளிடம் தொண்டை வறளப் பேசியிருந்தாள். புயலுக்கு முன்பே பெயர்கள் இல்லை. விதியை நினைத்து இப்போதும் அவள் வருத்தப்படவில்லை.

டயாலிசிஸ் இயந்திரக் கையேட்டை யார் கேட்பார்கள்? டெக்னீஷியன்கள். இப்படித்தான் நினைத்தாள். மின்சாதனம், கருவியியல், பழுதுபார்ப்பு என்று தனக்குத் தெரிந்த வழியே போனாள். எந்த வரிசையில் எந்த மாதிரி ஆட்கள் கேட்டவை கிடக்கும் என்பது மட்டும் கமாலுதீனுக்குப் பழக்கத்தில் குத்துமதிப்பாகத் தெரியும். வயர்மேன் தேர்வு வழிகாட்டி இருந்த தட்டுகளையெல்லாம் எடுத்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு மனிதனாக இருந்தது. வயர்மேன் வழிகாட்டியோடு குறட்டையை நிறுத்துவது எப்படி என்ற நூல். மோட்டார் சுற்றும் கையேட்டோடு காதல் கடிதம் எழுத உதவும் நூல், அதோடு ஐந்து மாதக் குழந்தைக்கு என்ன கொடுக்கலாம் என்பது. இந்தத் தட்டின் சொந்தக்காரருக்கு விஷயம் நல்லபடியாக முடிந்திருக்கிறது என்றான் கமாலுதீன். பூங்கோதைக்குச் சிரிப்பு வந்தது. தேடுகிற புத்தகம் வரவில்லை.

உடல்நல வரிசைகளுக்கு நண்டை அவள் அனுப்பவே இல்லை. கையேடு என்றால் பொறியியல், மருந்து மாத்திரைக்கு நடுவே அதற்கென்ன வேலை என்றாள். அது ஒரு காரணம்தான். இன்னொன்றை அவள் வெளியே சொல்லவில்லை.

கடைசியில் டயாலிசிஸ் மையத்து டெக்னீஷியன் ஸ்டெல்லாவே கிட்டங்கிக்கு வந்துவிட்டாள். கண்ணாடி அறையில் குவிந்து கிடந்த தட்டுகளைப் பார்த்து அவளுக்குத் தலை சுற்றியது.

"இதெல்லாம் எதுக்கு மேடம்?"

"உங்களை மாதிரி ஆளுங்க கேட்ட புத்தகமெல்லாம். இதுல ஒண்ணுலதான் இருக்கணும்."

ஸ்டெல்லா தயங்கினாள். "எங்கள்ல யாரும் அந்தக் கையேட்டைக் கேட்டதில்லை மேடம். ரிப்பேர்னா கம்பெனி ஆள் வருவார். கம்பெனி மூடினதுக்கப்புறம் அவரே தனியா வந்து பாத்துட்டுப் போவார். அவரும் இப்ப இல்லை. அப்படி ஒரு புத்தகம் இருக்குன்னே நீங்க சொல்லித்தான் தெரியும்."

பூங்கோதை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எண் போடுகிறவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய புத்திக்கோளாறு இது. புத்தகம் எதைப் பற்றியது என்று பார்த்தாளே தவிர, யாருக்கு அது தேவைப்படும் என்று பார்க்கவில்லை. வேன் போய் வந்துகொண்டிருந்த வாரங்கள் அதில் கரைந்திருந்தன. தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

வேறு வழியில்லாமல் பண்பலை வானொலியில் அறிவிப்புக் கொடுத்தார்கள். அந்தக் கையேட்டைக் கேட்டு வாங்கியவர் யாராக இருந்தாலும் கிட்டங்கிக்கு வந்து, சேர்த்துக் கேட்ட மற்றப் புத்தகங்களையும் சொல்ல வேண்டும். அறிவிப்பைத் தானே எழுதிக் கொடுத்தபோது பூங்கோதைக்குக் கை கூசியது. ஊரார் படுக்கையறைக் கதவைத் தட்டுகிற வேலைதானே இது.

மறுநாள் மதியம் ஓர் ஆட்டோ வந்து நின்றது. சௌந்தரபாண்டி இறங்கினார். ஒரு காலில் செருப்பு, இன்னொன்றில் துணி சுற்றியிருந்தது.

"மருந்து போட்டுட்டுப் படுக்காம இங்க எதுக்கு வந்தீங்க?" என்றாள் பூங்கோதை.

"ரேடியோவுல கூப்பிட்டாங்களே."

அவளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோன்களைப் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர் அவர். வாங்கிய மிக்சியைச் சட்டினி அரைப்பதற்கு முன்னால் கழற்றிப் பார்க்கிற மனிதர். தன்னை வாரத்தில் மூன்று நாள் கட்டிப்போட்ட இயந்திரத்தை மட்டும் சும்மா விடுவாரா? தினமும் பக்கத்தில் படுத்துத் தூங்கியவளுக்கு இது தோன்றவில்லை. நோயாளி என்ற எண்ணை ஒட்டி அவரை ஓரமாக வைத்துவிட்டிருந்தாள்.

"கடை அட்ரஸுக்கு வரவழைச்சேன்" என்றார் அவர். "அஞ்சாறு மாசம் இருக்கும்."

"முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா? நான் இங்க நாயா அலைஞ்சுட்டு இருக்கேன்."

"நீ என்னைக்கு எங்கிட்ட ஆபீஸ் கதை பேசுன? புத்தகம் தேடுறேன், புத்தகம் தேடுறேன்னே. எந்தப் புத்தகம்னு சொன்னியா? ரேடியோவுலதான் எனக்கே தெரியும்."

அது உண்மைதான். அவர் நம்பிக்கை வைத்து, புத்தகம் கிடைக்காமல் போனால் என்ன ஆவது என்று வீட்டில் வாயைத் திறக்காமல் இருந்தாள்.

"சரி, கூட என்னென்ன கேட்டீங்க?"

சௌந்தரபாண்டி கமாலுதீனைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "நீ கொஞ்சம் வெளிய இரு கோதை. தம்பிகிட்டச் சொல்றேன்."

"எங்கிட்டச் சொல்ல முடியாததா?"

"நீதானே ரூல் போட்ட? யார் என்ன படிக்கிறாங்கன்னு யாரும் கேக்கக் கூடாதுன்னு."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் எழுந்து வெளியே போனாள். மற்றவர்களுக்காகப் போட்ட விதியைத் தன் புருஷனுக்கு மட்டும் மீறுவதா என்ற வீறாப்பு. குவாரியின் வெட்டுப் பாறை ஓரமாக நின்று, தன்னிடம் மறைக்கும்படியாக அந்த மனிதர் என்னதான் படித்திருப்பார் என்று யோசித்தாள். கெட்டதாக ஒன்றும் தோன்றவில்லை. அதுவே பயமாக இருந்தது.

வெகுநேரம் கழித்துக் கமாலுதீன் வந்தான். வியர்வையில் சட்டை நனைந்திருந்தது.

"முடியலக்கா. நாய் வளர்ப்பு ஒண்ணு, ஒரு ஆளுக்கு மட்டும் சமைக்கிறது எப்படின்னு ஒண்ணு, ரெண்டுதான் சொல்றார். அது ரெண்டும் சேந்து கிடக்குறது தனியா ரூம் எடுத்துத் தங்குற பசங்க வரிசை. அத்தனையும் பாத்துட்டேன். அண்ணன் எதையோ முழுங்குறார்."

பூங்கோதை உள்ளே போனாள். அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வேன்ல போற மத்தவங்களை நினைச்சுப் பாருங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

சௌந்தரபாண்டி தன் வீங்கிய காலைப் பார்த்தபடி குரலை இறக்கிச் சொன்னார்.

"வாரிசுச் சர்டிபிகேட் வாங்கி வீட்டையும் கடையையும் பேர் மாத்துறது எப்படின்னு ஒண்ணு. அப்புறம்... டயாலிசிஸை நாமளாவே நிறுத்திக்கிட்டா கடைசி நாள்ல என்னென்ன ஆகும், எப்படிப் பாத்துக்கணும்னு ஒண்ணு."

கமாலுதீன் கைப்பிடியைத் துடைப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பூங்கோதைக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். "என்னை ஒரு வார்த்தை கேக்காம என்னை விதவையாக்கி, வீட்டைப் பேர் மாத்தி, ஒத்த ஆளுக்கு ரசம் வைக்கவும் வழி பண்ணி, துணைக்கு நாயும் பாத்து வச்சிருக்கீங்க."

"சிப்பிப்பாறை நல்ல ஜாதி. வீட்டைப் பாத்துக்கும்."

"வாயை மூடுங்க."

"உனக்கு என்ன வயசாச்சு? எனக்குப் பத்தியம் வடிச்சு, எனக்கு வேன் பிடிச்சு... நான் போயிட்டா உன் பாரம் இறங்கும்னு நினைச்சேன். தப்பா?"

"தப்பு" என்றாள். அதற்கு மேல் பேசினால் உடைந்துவிடுவோம் என்று எழுந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கீழே இரும்பு வரிசைகள் இருட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. நாய், சமையல், சட்டம், மருத்துவம், இயந்திரம். அவள் கணக்கில் இவை ஐந்தும் ஐந்து மூலையில் இருக்க வேண்டியவை. ஆனால் இந்த ஐந்தும் ஒரே ஆளாக அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தன. தான் போன பிறகு பெண்டாட்டி ராத்திரிச் சோற்றுக்கு என்ன செய்வாள் என்று கவலைப்படுகிற ஆள். அந்த ஆளுக்கு எந்த எண்ணும் கிடையாது. அவன் எங்கே இருப்பான் என்பது இப்போது அவளுக்குத் தெரிந்தது.

"உடல்நல வரிசைக்கு விடு கமாலு" என்றாள். "சிறுநீரகக்காரங்க பத்தியச் சமையல்னு ஒரு புத்தகம் வரும். அதைச் சுத்திப் பாரு." சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

நண்டு பக்கவாட்டில் ஓடியது. முதல் தட்டில் இல்லை. அடுத்ததில் பத்தியச் சமையல் நூல் இருந்தது, வேறொருவருடையது. அதற்கும் அடுத்ததை இழுத்துக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தபோது, நாய் வளர்ப்புக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் நடுவே நீல அட்டை தெரிந்தது.

கமாலுதீன் கையேட்டை இரண்டு கையாலும் எடுத்துத் துணியில் சுற்றினான். "ஸ்டெல்லாகிட்டக் குடுத்துட்டு வந்துர்றேன்கா" என்று சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

கண்ணாடி அறையில் இருவர் மட்டும், நடுவே தட்டு.

"நிறுத்துறதுன்னு முடிவு பண்ணின ஆளுக்கு மெஷின் புத்தகம் எதுக்கு?" என்றாள் பூங்கோதை.

"அதைத்தான் கடைசியாக் கேட்டேன். நிறுத்துறதுக்கு முன்னாடி அது என்னதான் பண்ணுதுன்னு பாத்துரலாம்னு." சௌந்தரபாண்டியின் முகத்தில் பழைய களை கொஞ்சம் வந்தது. "பிரமாதமான மெஷின் கோதை. ஒரு குமிழிக் காத்து உள்ள போனாலும் நின்னுரும், அப்படி யோசிச்சுப் பண்ணியிருக்கான் ஒருத்தன். முகம் தெரியாத எவனோ நான் பொழைக்கணும்னு அவ்வளவு மெனக்கெட்டிருக்கான். படிச்சு முடிச்சதும் அதையும் மத்ததையும் சேத்துத் திருப்பி அனுப்பிட்டேன். அந்த எண்ணமே போயிருச்சு."

"சத்தியமா?"

"உன்மேல சத்தியமா."

அப்போதுதான் அவள் அழுதாள். அவர் எழுந்து வர முடியாததால் கையை மட்டும் நீட்டினார். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

வெயில் சாயும் நேரத்தில் அலுவலக போன் அடித்தது. ஸ்டெல்லாதான். அளவுகளை ஓர் இயந்திரம் ஏற்றுக்கொண்டுவிட்டது, சோதனை ஓட்டம் நன்றாகப் போகிறது, காலையில் முதல் ஆளாக அண்ணனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள். வேனில் போகிறவர்களுக்கெல்லாம் ஆள் அனுப்பியாயிற்றாம். பூங்கோதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் வைத்தாள்.

திரும்பியபோது சௌந்தரபாண்டி தட்டிலிருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தியச் சமையலை ஓரமாக வைத்தார். அதற்கு அடியில் இருந்ததை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கணவன் மனைவிக்கிடையே சிறுநீரகக் கொடை என்று அட்டையில் போட்டிருந்தது. ஓரங்கள் கையில் பட்டுப் பட்டு மழுங்கியிருந்தன.

"இதை நான் கேக்கலையே" என்றார்.

பூங்கோதை போன் வயரைச் சரி செய்தாள்.

"பத்தியச் சமையல் புத்தகத்தை நான் வாங்கினேன். நீயும் வாங்கினியா?"

"ம்."

"அதான் சம்பந்தி வீட்டுக்காரங்க மாதிரி பக்கத்துல வந்துருக்கு" என்றார். கமாலுதீன் அவருக்கும் அதே விளக்கத்தைச் சொல்லியிருந்தான் போல. சிரிக்க முயன்று, முடியாமல் நிறுத்திக்கொண்டார். முன்பொரு முறை டாக்டர் இந்தப் பேச்சை எடுத்தபோது, என் பெண்டாட்டி உடம்பில் கத்தி படவிடமாட்டேன் என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தவர் அவர். அதன் பிறகு வீட்டில் யாரும் அதைப் பேசியதில்லை.

இப்போது எழுந்திருக்கக் காலில் தெம்பில்லை. புத்தகத்தைத் திறந்து நாலு பக்கம் புரட்டினார்.

"உனக்கும் எனக்கும் ரத்த குரூப்பே வேற. சேராது."

பூங்கோதை அவர் பக்கம் திரும்பவில்லை. ஜன்னல் வழியே பாறையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சேராட்டியும் பண்றாங்க. அஞ்சாவது அத்தியாயம் பாருங்க. நடுவுல ஒரு படம் இருக்கும், அதுக்கு அடுத்த பக்கம்."

சௌந்தரபாண்டி அவளை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஐந்தாவது அத்தியாயத்தை எடுத்துப் படிக்கத் தொடங்கினார்.